மணிக்கும் சொல்லுக்கும் நடுவே

அந்தப் பேச்சை அவள் பிறகு பல தடவை ஆரம்பத்திலிருந்து வரிசை மாறாமல் நினைத்துப் பார்த்தாள். எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று தேடினாள்.

குளிர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது அது. ஆஸ்பத்திரியில் மூச்சு நோயாளிகளைப் பார்க்கும் சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நர்ஸ், இந்தப் பக்கம் அவளும் அவள் கணவரும்.

“போன குளிர்ல எத்தனை தடவை அட்மிட் ஆனீங்க சார்?” என்று கேட்டாள் நர்ஸ்.

“ரெண்டு தடவை சிஸ்டர். ரெண்டாவது தடவை உங்க வாட்ச்மேன் சிரிச்சிக்கிட்டே கேட்டைத் திறந்துவிட்டார். மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு.”

நர்ஸ் சிரிக்கவில்லை. “இந்த வருஷம் அந்த வாட்ச்மேனுக்கு உங்க முகமே மறந்து போகணும். அதுக்குத்தான் குளிர் வர்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டேன். ஃப்ளூ ஊசி போட்டாச்சு. வெளியே போனா மூக்கையும் வாயையும் மூடிக்கணும். படுக்கிற ரூம் கதகதன்னு இருக்கணும். சளி நிறம் மாறினா அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணணும். சும்மா உட்கார்ந்தே இருக்கக் கூடாது, நடக்கணும். சரியா?”

“சரிங்க.”

“ஒரே மூச்சுல எவ்வளவு பேச முடியுது? ஏதாவது சொல்லிக் காட்டுங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். “பயணிகளின் கவனத்திற்கு. மூன்றாவது மேடையில் நிற்கும் வண்டி, பால் பண்ணை, பழைய ஆலை, பெரிய ஆஸ்பத்திரி வழியாக அணைக்கட்டு வரை செல்லும். கைக்குழந்தையுடன் வருபவர்கள் முன்வாசலில் ஏறவும்.”

வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் நர்ஸ் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக ஊதா நிற மருந்துக் குழலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“உங்ககிட்ட இருக்கிற நீலக் குழல் மூச்சு முட்டும்போது மட்டும். இந்த ஊதா, போன குளிர்ல குடுத்த அதே மருந்து, தினமும். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நல்லா இருந்தாலும் எடுக்கணும். நல்லா இருக்கிறதே இதனாலதான்னு வச்சுக்கோங்க. இதோ, பின்பக்கம் எத்தனை பாக்கி இருக்குன்னு எண் காட்டும். அம்மா, நீங்க அதை ஒரு கண் பார்த்துக்குங்க.”

“பார்த்துக்கறேன்” என்றாள் அவள்.

அவர் ஊதாக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை எடுத்தா தொண்டைக்கு ஒண்ணும் ஆகாதே சிஸ்டர்?”

அந்த நேரம் பார்த்து மேசையில் ஃபோன் அடித்தது. நர்ஸ் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே, “எடுத்ததும் வாயைக் கொப்பளிச்சிடுங்க சார்” என்றுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தலையாட்டினார். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். அவள் மனசு படுக்கையறையில் சரியாகச் சாத்த வராத ஜன்னல் கதவின் மேல் இருந்தது.

அவ்வளவுதான் பேச்சு.

பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக்கண்ணன் என்று பெயர். வண்டி வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. அதற்கு முன்னால் பணிமனையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். புகைக்கு நடுவிலேயே நின்று, ஓய்வு நேரத்தில் சிகரெட்டையும் ஊதித் தள்ளிய காலம் அது. ஒருநாள் அறிவிப்பாளர் வரவில்லை. நேரக் காப்பாளர் சும்மா இருந்தவரைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்தார். அன்றைக்கு நிலையத்தில் ஒரு வண்டியைக்கூட யாரும் தவறவிடவில்லை என்று இன்றைக்கும் மைக்கண்ணன் சொல்லிக்கொள்வார். பாதி பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர்கள் மறுத்துப் பேசியதில்லை.

அவள் அந்தக் குரலைத்தான் முதலில் பார்த்தாள். நிலையத்தின் ஓரத்தில், ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு நேர் கீழே, அவளுடைய தையல் கடை. பேண்ட்டை வெட்டி மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, வண்டி கிளம்புவதற்குள் பை வார் தைத்துக் கொடுப்பது என்று எல்லாம் அவசர வேலை. தலைக்கு மேலே நாள் முழுக்க ஒரு ஆள் பேசிக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்த ஆளே ஒரு சட்டைப் பொத்தானோடு வந்து நின்றான்.

“குரலைப் பார்த்து ஏமாந்துட்டேன்” என்று அவள் டீ மாஸ்டரிடம் சொல்வாள். “ஊருக்கெல்லாம் பேசிட்டு வந்து வீட்டுல ‘ம்’ங்கிறதோட சரி. எனக்கு என்ன சேதி வேணும்னாலும் கம்பத்தடிக்கு வந்துதான் கேட்கணும்.”

அப்படிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கை துணியிலும் கால் மிதியிலும் இருக்கும். காது அவர் மூச்சில் இருக்கும். அணைக்கட்டு வண்டியை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கால்சட்டை ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடலாம். நடுவில் அவர் மூச்சு எடுப்பது யார் காதுக்கும் எட்டாது. நோய் வந்தபிறகு எட்டியது. முதலில் ‘பழைய ஆலை’க்கு அப்புறம் ஒரு இழுப்பு. பிறகு ‘பால் பண்ணை’யிலேயே. போன குளிர்காலத்தில் அவளுடைய தையல் எல்லாம் கோணல்மாணலாகப் போனது.

அதனால் இந்தக் குளிருக்கு அவள் வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். மிச்சத் துணிகளை அடைத்து நீளமாக ஒரு திண்டு தைத்து, கதவுக்கு அடியில் காற்று வராமல் போட்டாள். கழுத்துத் துணிக்கு உள்ளே மெத்தென்று இன்னொரு துணி வைத்துத் தைத்தாள். வெட்டிய துணியின் தூசி அவருக்கு ஆகாது என்று கடையிலிருந்து கிளம்பும்போது வாசலிலேயே சேலையை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அறிவிப்பு அறையின் ஜன்னலில், ‘இருமல் உள்ளவர்கள் தள்ளி நின்று கேட்கவும்’ என்று ஒரு அட்டை தொங்கவிட்டாள். அதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேருக்கு இருமலே வந்தது.

ஊதாக் குழலை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “காலையில முதல் அறிவிப்பு முடிஞ்சதும் அங்கேயே எடுத்துக்கறேன். சாயங்காலம் கிளம்பறப்போ எடுத்துக்கறேன். மறக்காது” என்றார். ஆஸ்பத்திரியில் குழலோடு கொடுத்த, மருந்தை அடைத்து இழுக்கிற பிளாஸ்டிக் குடுவை சட்டைப்பையில் நுழையாது என்பதால் அது வீட்டு அலமாரியிலேயே இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் குழலை வாங்கிப் பின்பக்கத்து எண்ணைப் பார்ப்பாள். சரியாகக் குறைந்திருக்கும். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

இந்த வருஷம் குரலும் கணீரென்று இருந்தது. போன குளிரில் இதே மருந்து எடுத்தபோது தொண்டை கரகரத்து, ஒரு பயணி ஜன்னலில் எட்டிப் பார்த்து, “புது ஆளா? பழையவரு எங்கே?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். அன்றைக்கு வீட்டில் அந்த ‘ம்’கூட வரவில்லை. இந்த வருஷம் டீ மாஸ்டர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, “அக்கா, அண்ணனுக்கு வயசு திரும்புது. நாளைக்கே உங்களுக்குச் சக்களத்தி வந்தா என்னைக் கேட்காதீங்க” என்றான். வெளியூரில் கைக்குழந்தையோடு இருக்கும் மகள் ஃபோனில், “அம்மா, அப்பா குரல் சூப்பரா இருக்கு. நீ சும்மா பயப்படாதே” என்றாள்.

எல்லோரும் குரலைக் கேட்டார்கள். அவளுக்கு மட்டும் நடுவில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

மணி. அறிவிப்புக்கு முன்னால் ‘டிங் டாங்’ என்று ஒரு மணி ஒலிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இப்போது அது நடுவிலும் ஒலித்தது. ‘பால் பண்ணை, பழைய ஆலை’ என்றதும் டிங் டாங். பிறகு ‘பெரிய ஆஸ்பத்திரி வழியாக’. பயணிகளுக்குப் பிடித்திருந்தது. ரயில் நிலையம் மாதிரி இருக்கிறது என்றார்கள். நேரக் காப்பாளர்கூட, “நல்லாருக்கே, யார் யோசனை?” என்று கேட்டாராம். ஆனால் மணி அடிக்கிற நேரத்தில் தன் கணவர் என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மூச்சு வாங்குகிறார்.

பனி இறங்க இறங்க மணி ஒன்று இரண்டாயிற்று, பிறகு ஊருக்கு ஒன்றாயிற்று.

“ஏங்க, மூச்சு வாங்குதா?”

“இல்லையே. குரலைக் கேட்டியா இல்லையா?”

“கேட்டேன்.”

“அப்புறம் என்ன?”

குரல் நன்றாகத்தான் இருந்தது. எண்ணும் குறைந்துகொண்டுதான் வந்தது.

நர்ஸ் ஒருநாள் வீட்டுக்கே வந்தாள். கூடத்தில் அவரை நடக்கச் சொன்னாள். விரலில் கவ்வி ஒன்றை மாட்டிப் பார்த்தாள். முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள். குழலின் எண்ணைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டாள். நெற்றி சுருங்கியது.

“மருந்து சரியா எடுத்திருக்கீங்க. ஆனா நெஞ்சு அப்படிச் சொல்லலையே சார். போன தடவைக்கு இப்போ மோசமா இருக்கு. டாக்டர்கிட்ட பேசி இதைவிடக் கூடுதலா ஏதாவது குடுக்கலாமான்னு கேட்கறேன். முழுக் குளிர் இன்னும் வரவே இல்லை.”

அவர் கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடையில் மிஞ்சும் கருநீலத் துணியில் அவருக்குக் கைக்குட்டை தைத்துக் கொடுப்பது வழக்கம். சில வாரங்களாக அந்தக் கைக்குட்டைகளில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டி என்று நினைத்துத் தட்டிவிட்டு ஊற வைத்துவிடுவாள். அவள் வீட்டில் சுண்ணக்கட்டி படாத துணி எது? சோற்றுப் பானையில்கூட ஒரு கோடு இருக்கும்.

அன்றைக்கு அவர் பையிலிருந்து எடுத்துப் போட்ட கைக்குட்டை இஸ்திரி மேசை ஓரத்தில் கிடந்தது. அதிலும் ஒரு வட்டம். எடுத்துப் பார்த்தாள். சுண்ணக்கட்டி கோடாகத்தான் படும், தேய்ந்துதான் படும். இது யாரோ அச்சு வைத்த மாதிரி, நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் இருந்தது. அவள் ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பையிலிருந்து ஊதாக் குழலை எடுத்து, அதன் வாயை வட்டத்தின் மேல் வைத்தாள். காஜாவுக்குள் பொத்தான் உட்கார்ந்ததுபோல் பொருந்தியது.

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கக்கூட மறந்துபோய், ஒரு தலையணை உறை பொசுங்கிப்போனது.

மருந்து முழுவதும் துணிக்குள் போயிருக்கிறது. அவள் ராத்திரி எண்ணைப் பார்ப்பாள் என்பதற்காக, காலையும் சாயங்காலமும் ஒழுங்காக, தப்பாமல். குரல் நன்றாக இருந்ததற்கு வேறு காரணமே இல்லை. மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை, அதனால் தொண்டை கரகரக்கவில்லை. ஊரே பாராட்டிய குரல் அது.

கூடத்தில் அவர் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். போய்க் கேட்டுவிடலாம். கேட்டால், மூடிய வாயை இன்னும் இறுக்கிக்கொள்வார். நர்ஸிடம் சொல்லிவிடலாம். சொன்னால், சின்னப் பையனைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால், டாக்டர் கூடுதல் மருந்து கொடுப்பார், அதையும் இந்தக் கருநீலத் துணி குடிக்கும். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தாள். காலையில் அவர் அவளுக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார்.

வெளியே பனிமூட்டம். எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வண்டிகள் எல்லாம் தாமதம், அதனால் அறிவிப்பு மேல் அறிவிப்பு. அவள் கடையைத் திறந்து ஊசியில் நூல் கோத்தாள்.

டிங் டாங். “பயணிகளின் கவனத்திற்கு.” டிங் டாங். “மூன்றாவது மேடையில்.” டிங் டாங்.

அவள் காத்திருந்தாள். கால் மிதியில் நின்றது.

டிங் டாங்.

சொல் வரவில்லை.

அவள் எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. நிற்கிற வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள். ஒரு டிரைவர், “ஏம்மா, சாக என் வண்டிதான் கிடைச்சுதா?” என்று கத்தினார். அறிவிப்பு அறைக் கதவு உள்ளே தாழ் போடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் மேசைமேல் முழங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதட்டில் ரத்தமே இல்லை. ஒரு கை மட்டும் மணிப் பொத்தானின் மேல் இருந்தது.

“எங்கே நீலம்? எங்கே வச்சீங்க?”

கண்ணால் சட்டைப்பையைக் காட்டினார். அவள் எடுத்துக் குலுக்கி அவர் வாயில் வைத்தாள். “இழுங்க. மெதுவா. இப்போ விடுங்க. மெழுகுவத்தியை ஊதற மாதிரி ஊதுங்க. அவசரமே இல்லை. வண்டி எங்கேயும் ஓடிப்போகாது. ஊதுங்க.”

இன்னொரு கையால் நர்ஸுக்கு ஃபோன் போட்டாள். நர்ஸ் எடுத்ததும், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. “அவர் மருந்தே எடுக்கலைங்க! எல்லாத்தையும் கைக்குட்டையில அடிச்சிருக்கார். குரல் கட்டிக்கும்னு பயந்துக்கிட்டு. கூடுதல் மருந்தெல்லாம் வேண்டாங்க, குடுத்ததையே எடுக்கலை. இப்போ மூச்சு வரலை. சீக்கிரம் வாங்க!”

அவர் சிரமப்பட்டு ஒரு விரலைத் தூக்கி எதையோ காட்டினார். அவள் திரும்பினாள். மைக்கின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளியே நிலையம் மொத்தமும் அசையாமல் நின்றது. ஏற வந்தவர்கள், இறங்கி வந்தவர்கள், கையில் தம்ளரோடு டீ மாஸ்டர் எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரக் காப்பாளர் ஓடிவந்து மைக்கை அணைத்தார். பிறகு வெளியே போய்க் கையை வாயில் குவித்து, “வழி விடுங்கய்யா, ஆம்புலன்ஸ் வரும்” என்று வெறுங்குரலில் கத்தினார்.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

முதல் நாள் அவர் முகத்தில் ஆக்ஸிஜன் மூடி மாட்டியிருந்தார்கள். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் பீப் என்று சத்தம் போடும்போதெல்லாம் அவளுக்கு மணிதான் ஞாபகம் வந்தது. இதற்கப்புறம் சொல் வருமா, வராதா?

அடுத்த நாள் மூடியை எடுத்தார்கள். நர்ஸ் வந்தாள். திட்டப்போகிறாள் என்று அவள் எழுந்து நின்றாள். நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு என்கிட்ட தொண்டையைப் பத்தி ஒண்ணு கேட்டீங்க இல்ல சார்?”

அவர் தலையாட்டினார்.

“நான் ஃபோன்ல இருந்தேன். ஏன் கேட்கறீங்கன்னு திருப்பிக் கேட்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இந்த மருந்துக்குத் தொண்டை கரகரக்கும், நிஜம்தான். அதுக்கு வழி இருக்கு. அந்தக் குடுவையை வச்சு எடுத்தா மருந்து தொண்டையில ஒட்டாம நேரா நெஞ்சுக்குப் போகும். சட்டைப்பையில நுழையலைன்னு வீட்டுல வச்சீங்களாமே. எடுத்ததும் நல்லா கொப்பளிச்சுத் துப்பணும். காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே வீட்டுல எடுத்துடுங்க. சாயங்காலத்தது வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம். அப்பவும் கரகரத்தா எனக்குச் சொல்லுங்க, டாக்டர் வேற மருந்து பார்ப்பார். குரலுக்காக மருந்தை விட்டீங்கன்னா, அந்தக் குரலை வெளியே தள்ள மூச்சு இருக்காது.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, “புது ஆளான்னு கேட்டான் சிஸ்டர்” என்றார் மெதுவாக.

“யாரு?”

“ஒருத்தன். போன வருஷம்.”

நர்ஸுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அவளுக்குப் புரிந்தது. அவன் அப்படிக் கேட்ட அன்றைக்கு, “அவன் கெடக்கான், குரல் நல்லாத்தான் இருக்கு” என்று அவரிடம் சொன்னதும் அவள்தான்.

அவர் வேலைக்குத் திரும்பியபோது குளிர் இன்னும் போகவில்லை. அவள் ஒரு தோள்பை தைத்துக் கொடுத்தாள். அவசரத்துக்கு நீலக் குழலும் அந்தக் குடுவையும் அதில் சரியாக உட்காரும். ஊதாவை இப்போது அவள் கண்ணெதிரே, அடுப்படியில் நின்றே எடுத்துக்கொள்கிறார். கொப்பளிக்கும் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறது. பெண்டாட்டி மைக்கில் போட்டு உடைத்துவிட்டதால் நிலையம் முழுக்க அவருக்கு வைத்தியர்கள். டிரைவர்கள் போகிற போக்கில் ஜன்னலைத் தட்டி, “மருந்து உள்ளே போச்சா அண்ணே?” என்கிறார்கள். டீ மாஸ்டர், “அக்கா, உங்க அறிவிப்புதான் தெளிவு. மாசச் சம்பளத்துக்குப் பேசிப் பார்க்கட்டுமா?” என்கிறான்.

முதல் சில நாள் குரல் கொஞ்சம் கரகரத்தது. மணி நடுவில் ஒருமுறை ஒலித்தது. சில நேரம் ஒலிக்கவில்லை. அவள் ஒவ்வொரு அறிவிப்புக்கும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். அப்படிக் கேட்டே வேலை குவிந்துபோயிற்று.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மதியம் அவர் சாப்பாட்டுக்காகக் கடைக்கு வந்தார். வெட்டுத் துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், “குரல் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அவர் கையைத் தட்டில் வைக்காமல் அவளைப் பார்த்தார்.

“இந்தாம்மா,” என்றார், “ஒண்ணு கேட்கறேன், செய்வியா? இனிமே குரல் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதே. அதை ஊர் சொல்லிக்கட்டும். எந்த ஊர் பேர்ல என் மூச்சு நின்னுச்சுன்னு தினம் சாயங்காலம் வந்து சொல்லு.”